தடைக்காலத்தில் பிரஷர், சுகர் முகாம்: சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு என்ன செய்வது?

#1 காசிமேட்டுப் பொண்ணு (இழை தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெரு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்பக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். மற்ற மாதங்களில் பகலில் கண்ணிலேயே படாத ஆண்கள் இந்த இரண்டு மாதம்தான் ஊருக்குள் இருப்பார்கள். வலை பின்னுவார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், நிழல் கண்ட இடத்தில் படுத்துத் தூங்குவார்கள். இந்தச் சமயத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பிரஷர், சுகர், இடுப்புச் சுற்றளவு மூன்றையும் பார்த்துவிடலாம் என்று எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் முடிவு செய்திருக்கிறோம். இடம், வலை பின்னும் கூடம். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா முப்பது வருடம் விசைப்படகில் போனவர். 54 வயதில் ஒரு நாள் விடியற்காலை, ஏலம் நடக்கிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ரேஷன் கார்டு தேவைப்பட்டு அவருடைய பிளாஸ்டிக் கவரைப் பிரித்தேன். வாக்காளர் அட்டை, மீனவர் அட்டை, சேட்டு கடை ரசீது. நடுவில் நாலாக மடித்த ஒரு சீட்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் தெருமுனையில் யாரோ நடத்திய இலவச முகாமில் கொடுத்தது. ‘பி.பி. 172/106. மருத்துவரை அணுகவும்.’ கீழே ஒரு கையெழுத்து.

அப்பாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும். அந்த எண் என்ன சொல்கிறது என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. அவரும் எங்களிடம் காட்டவில்லை. ஆனால் தூக்கியும் போடவில்லை. முக்கியமான காகிதம் என்று நினைத்து ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

அதனால் முகாம் எப்படி நடத்துவது என்பதைவிட, சீட்டை எழுதிக் கொடுத்த பிறகு என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ராயபுரம் நர்ஸ்

தங்கச்சி, அந்தச் சீட்டைப் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. 26 வருடம் வார்டில் இருந்தவள் நான். நீங்கள் கேட்டதற்கு டாக்டர் யாராவது பதில் சொல்வார்கள். நான் அதற்கு முந்தைய படியைச் சொல்கிறேன். தப்பாக அளந்தால் பின்னால் செய்கிற எல்லாமே தப்பாகிவிடும்.

முகாம் என்றால் என்ன நடக்கிறது? வரிசையில் நிற்கிறார்கள், தள்ளுமுள்ளு, நாற்காலியில் உட்கார்ந்த உடனே பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்திவிடுகிறார்கள். அந்த அளவு செல்லாது. வந்தவர் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால் மேல் கால் போடக்கூடாது. கையை மேசை மேல் நெஞ்சு உயரத்தில் வைக்க வேண்டும். கை தொங்கினால் எண் ஏறிவிடும். அரை மணி நேரத்துக்குள் டீ, பீடி கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. அளக்கும்போது பேச்சு கொடுக்காதீர்கள். நம் ஊரில் இது ஒன்றுதான் ரொம்பக் கஷ்டம். ஒருமுறை அளந்து, ஒன்றிரண்டு நிமிடம் விட்டு மறுமுறை அளந்து, இரண்டின் சராசரியை எழுதுங்கள்.

உங்கள் ஆட்களுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. வலை இழுத்து இழுத்து மேல்கை திரண்டிருக்கும். மெஷினோடு வருகிற சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்குத்தான். அதற்கு மேல் உள்ள கையில் அதைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். பெரிய பட்டை ஒன்று தனியாக வாங்குங்கள். இன்ச் டேப்பால் கையை அளந்துவிட்டு எந்தப் பட்டை என்று முடிவு செய்யுங்கள்.

சுகருக்கு விரலைக் குத்தும் முன் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். விரலில் டீயோ பழச்சாறோ ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து ஏறும். நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. வலை பின்னுகிற விரல் அது. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போடாதீர்கள், கடற்கரை ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். ஒரு ஊசி ஒருவருக்குத்தான். பயிற்சி இல்லாத பிள்ளைகள் கையில் ஊசியைக் கொடுக்காதீர்கள்.

இடுப்பு அளவை வேட்டி கட்டுகிற இடத்தில் எடுக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விட்ட நிலையில் பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. இதைத் தாண்டினால் குறித்துக்கொள்ளுங்கள்.

#3 கணக்குப்பிள்ளை

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். புள்ளியியல் என் தொழில். தோழியின் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். அதை மனதில் வைத்துக்கொண்டே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லோரையும் கூப்பிட்டுச் சோதித்தால் மாரடைப்பு குறையும் என்பதற்கு நாம் நினைக்கிற அளவு ஆதாரம் இல்லை.

டென்மார்க்கில் இன்டர்99 என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 30 முதல் 60 வயதுக்குட்பட்ட சுமார் 60,000 பேர். ஒரு பகுதியினரை அழைத்துச் சோதித்து, ஆபத்து அதிகம் இருந்தவர்களுக்கு ஐந்து வருடம் ஆலோசனை கொடுத்தார்கள். மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் மாரடைப்பிலும் மரணத்திலும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. 2014-இல் வெளிவந்த முடிவு இது. பொதுவான உடல் பரிசோதனைகளைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்த ஆய்வும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது.

உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் இருவரும் 1968-இலேயே எழுதி வைத்தார்கள். ஒரு நோயைத் தேடிப் போகும் முன் அதற்குச் சிகிச்சை இருக்கிறதா, கண்டுபிடித்தவர்களைக் கவனிக்க வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தேடுவதும் ஒரு நாள் வேலையாக நின்றுவிடாமல் தொடர்ந்து நடக்க வேண்டும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் இதில் எதை நிறைவேற்றும்? ‘உனக்கு வியாதி இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போவதும் ஒரு தீங்குதான். அந்த ஆள் இரவெல்லாம் தூங்க மாட்டார்.

#4 படகுக்காரன்

நான் டிரைவர். விசைப்படகுதான் ஓட்டுகிறேன். அந்தத் தங்கச்சி சொன்ன அண்ணனை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், பெயர் கேட்கவில்லை.

ஒரு தடவை போனால் ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் அதற்கும் மேல். எனக்கும் பிரஷர் மாத்திரை எழுதினார்கள். ‘தினமும் காலையில் சாப்பிட்ட பிறகு’ என்று சொன்னார்கள். எங்களுக்கு எது காலை? ராத்திரியெல்லாம் வலை விட்டு விடியும்போது தூங்குகிறோம். மாத்திரை அட்டை சட்டைப் பையில் நனைந்து ஊறிப்போகும். இரண்டு தடவை அப்படி ஆனது, விட்டுவிட்டேன்.

பேப்பரில் ‘புகை பிடிப்பீர்களா’ என்று கேட்பார்கள். நம்ம ஆட்கள் நிறையப் பேர் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள். பொய் இல்லை, அவர்கள் பீடி பிடிப்பதில்லை. வாயில் மாவா இருக்கும், அது புகையிலை கலந்த பாக்கு. ‘வாயில் என்ன போடுவீங்க’ என்று கேளுங்கள்.

#5 கொருக்குப்பேட்டை டாக்டர்

சமூக மருத்துவம் படித்தவன், பல வருடம் வடசென்னையில்தான் வேலை. கணக்குப்பிள்ளை சார் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அதைத் தாண்டிப் போனால் தங்கச்சியின் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்காது.

//மாரடைப்பிலும் மரணத்திலும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை//

உண்மை. ஆனால் அந்த ஆய்வு எங்கே நடந்தது என்று பாருங்கள். டென்மார்க்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் உண்டு, பார்க்கக் காசு கிடையாது. சோதனைக்கு அழைக்காமல் விட்டவர்களுக்கும் வேறு வழியில் பிரஷர் தெரிந்துவிடும், மாத்திரையும் கிடைத்துவிடும். அங்கே புதிதாகக் கொடுத்தது பெரும்பாலும் அறிவுரை. அறிவுரை மட்டும் கொடுத்தால் பலன் குறைவு என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

இங்கே கதை வேறு. பிரஷரில் ‘பாதி விதி’ என்று ஒன்று சொல்வோம். பிரஷர் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் மருந்து எடுப்பதில்லை. எடுப்பவர்களிலும் பாதிப் பேருக்குக் கட்டுக்குள் இல்லை. மொத்தத்தில் எட்டில் ஒருவர் தப்பிக்கிறார். எண் இடத்துக்கு இடம் மாறும், படிக்கட்டின் வடிவம் மாறாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய இண்டியாப் ஆய்வு 2023-இல் வந்தது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31.5 கோடி என்றது.

மருந்துக்கு ஆதாரம் இருக்கிறதா? நிறைய இருக்கிறது. மேல் பிரஷரை, அதாவது முதலில் வரும் எண்ணை, 10 புள்ளி குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. பக்கவாதம் மட்டும் என்றால் நாலில் ஒரு பங்குக்கும் மேல். ஆக, அளப்பது யாரையும் காப்பாற்றாது. அளந்தவர் மாத்திரைக்குப் போய், அதில் நிலைத்து நின்றால் காப்பாற்றும். தங்கச்சி முதல் பதிவிலேயே சரியான இடத்தில்தான் விரல் வைத்திருக்கிறார்.

இனி எண்கள். 140/90 என்பது எல்லைக்கோடு. ஒரு நாள் அளவை வைத்து யாரையும் பிரஷர்காரர் என்று முத்திரை குத்தாதீர்கள், இன்னொரு நாள் மறுபடி அளக்க வேண்டும். 180/110-ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல், வாய் கோணுதல், கண் மங்கல் இருந்தால் நேராக 108. சாப்பிட்டவரோ சாப்பிடாதவரோ, விரல் குத்தலில் 140-க்கு மேல் போனால் உறுதி செய்ய அனுப்புங்கள். சர்க்கரை நோய் என்று சொல்ல வெறும் வயிற்றில் 126 அல்லது மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி ரத்தப் பரிசோதனையில் 6.5 சதவீதம் வேண்டும்.

ஒரு எண்ணை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள் என்பது நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. 42 வயதுப் பெண், 146 பிரஷர், புகையிலை இல்லை, உடம்பு ஒல்லி. பக்கத்தில் 62 வயது ஆண், பிரஷர் 138, நாற்பது வருடமாக பீடி. சீட்டில் அந்த அம்மாவுக்குச் சிவப்பு வட்டம், ஐயாவுக்கு ‘நார்மல்’. அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்பு வருகிற வாய்ப்பு ஐயாவுக்குத்தான் பல மடங்கு அதிகம். இதைக் கணக்கிட உலக சுகாதார நிறுவனம் 2019-இல் புதுப்பித்த வண்ண அட்டவணை இருக்கிறது, தெற்காசியாவுக்குத் தனிப் பக்கம். 40 முதல் 74 வயது வரை. ரத்தம் எடுக்காமலே வயது, ஆணா பெண்ணா, புகை, மேல் பிரஷர், உயரத்துக்கேற்ற எடை இவற்றை வைத்துப் பார்க்கலாம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு. எண்ணைவிட நிறம் எல்லோருக்கும் புரியும்.

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் ஒன்று தெரிந்தது. நம் தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னாலேயே வருகிறது, சராசரியாக 53 வயதில். உங்கள் அப்பாவின் வயது ஏறக்குறைய அதுதான்.

#6 ஹவுசிங்போர்டு அக்கா

வணக்கம். வியாசர்பாடி பக்கம் மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராக வீடு வீடாகப் போகிறவள் நான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷர், சுகர் உள்ளவர்களுக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுப்போம், புதிதாக யாருக்காவது இருக்கிறதா என்றும் பார்ப்போம்.

எங்களிடம் ஒரு படிவம் உண்டு. வயது, புகையிலை, குடி, இடுப்பு அளவு, உடலுழைப்பு, வீட்டில் யாருக்காவது பிரஷர், சுகர், இதய நோய் இருக்கிறதா என்று கேட்டு மார்க் போடுவோம். நாலுக்கு மேல் வந்தால் முதலில் அவர்களை அனுப்ப வேண்டும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். பகல் 11 மணிக்குப் போனால் கதவைத் திறப்பது ஆயாவும் மருமகளும்தான். ‘உங்க வீட்டுக்காரர் எங்க?’ என்றால் லோடு ஏற்றப் போயிருக்கிறார், ஹார்பர் போயிருக்கிறார், ஆட்டோ ஓட்டப் போயிருக்கிறார். அதனால் எங்கள் நோட்டில் பெண்கள் பெயர்தான் பக்கம் பக்கமாக இருக்கும். உங்களுக்குத் தடைக்காலம் கிடைத்தது பெரிய வாய்ப்பு, விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ‘வெறும் வயிற்றில் வாங்க’ என்று சொல்வது சுலபம். காலையில் தண்ணி லாரி வருகிற நேரம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற நேரம். எட்டு மணி வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிற பெண்களே நிறையப் பேர், ஆனால் அந்த நேரத்தில் அவர்களால் வர முடியாது. முகாமில் எப்போது வந்தாலும் குத்திப் பாருங்கள், அதிகம் இருந்தவர்களை மட்டும் வெறும் வயிற்றில் வரச் சொல்லுங்கள்.

முக்கியமான ஒன்று. முகாம் வைக்கும் முன் உங்கள் வார்டு கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய்ப் பேசிவிடுங்கள். எங்களைப் போல அந்தத் தெருவுக்கு வருகிற தன்னார்வலர் யார் என்று கேட்டு, அவரையே உட்கார வையுங்கள். நீங்கள் கண்டுபிடிக்கிற ஆள் அவர் நோட்டில் ஏறினால்தான் மாத்திரை வீடு தேடி வரும். தனியாக நடத்தி, தனி நோட்டில் எழுதி, கடைசியில் அந்த நோட்டு பரணில் கிடக்கக் கூடாது.

#7 ராயபுரம் நர்ஸ்

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: ‘பிள்ளை வயிற்றில் இருந்தபோது பிரஷரோ சுகரோ இருந்ததா?’ பிரசவத்தோடு அது போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறிய பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுகர் இருந்தவர்களுக்குப் பின்னால் நிரந்தரமாக வரும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு. குழந்தைக்குத் தடுப்பூசி போட ஒரு நாள் தவறாமல் வருகிற அம்மாக்கள், தங்களுக்கு ஒருமுறை சுகர் பார்த்துக்கொள்ள வருவதில்லை. முப்பது வயது ஆகவில்லை என்றாலும் இவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

#8 எண்ணூர் ராஜா

எல்லோரும் நல்ல விஷயம் சொல்கிறீர்கள். எனக்கு ஒரு ஆதங்கம். மாவா போடாதே, உப்பைக் குறை, நடந்து போ என்று எல்லாப் பாரத்தையும் அந்த மனிதர் தலையிலேயே வைக்கிறோம். எண்ணூரிலும் மணலியிலும் இருப்பவன் எந்தக் காற்றில் நடப்பான்? நுண்துகள் மாசு நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தக் குழாயையும் கெடுக்கும், மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அதுவும் ஒரு காரணம் என்று மருத்துவ உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது. பி.எம். 2.5 என்கிற அந்த நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. நம் நாட்டு வரம்பு 40. நடைப்பயிற்சிக்கு என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை 2023-இல் அறிவித்தார்கள். சென்னைக்கு அது பெசன்ட் நகரில் வந்தது. எங்களுக்கு கன்டெய்னர் லாரி ஓடுகிற சாலைதான்.

முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் படிவத்தில் ‘எங்கே வேலை, எத்தனை வருடம், சமையல் எதில்’ என்று மூன்று கேள்வி சேருங்கள். நாளைக்கு யாரிடமாவது கேள்வி கேட்க அந்தக் காகிதம் உதவும்.

#9 கணக்குப்பிள்ளை

//அளந்தவர் மாத்திரைக்குப் போய், அதில் நிலைத்து நின்றால் காப்பாற்றும்//

டாக்டர், இதை ஒப்புக்கொள்கிறேன். டென்மார்க்கையும் காசிமேட்டையும் ஒரே தட்டில் வைத்தது என் பிழை. ஆனாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. முகாம் முடிந்ததும் எத்தனை பேரை அளந்தோம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், போட்டோவும் போடுவார்கள். அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை. அதிகம் இருந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை அளக்க வந்தார்கள், எத்தனை பேர் மூன்று மாதம் கழித்தும் மாத்திரை சாப்பிடுகிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு 140-க்குக் கீழே இறங்கியது. இந்த மூன்றையும் எழுதுவதாகத் தோழி உறுதி சொன்னால், நோட்டில் கோடு போட்டுக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்.

இன்னொன்று. வராதவர்களின் பட்டியலையும் வையுங்கள். முகாமுக்கு வருகிறவர்கள் எப்போதும் உடம்பைக் கவனித்துக்கொள்கிறவர்கள்தான். ஆபத்து அதிகம் உள்ளவர் வீட்டிலேயே படுத்திருப்பார். தெருவில் முப்பது வயதுக்கு மேல் மொத்தம் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிக்கொண்டால்தான் யாரை விட்டோம் என்று தெரியும்.

#10 தங்கசாலை மெடிக்கல்ஸ்

மின்ட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மாத்திரையில் ஏன் நிலைத்து நிற்பதில்லை என்று எங்கள் கவுன்டரில் நின்றால் தெரியும்.

‘ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க’ என்பார்கள். கையில் காசு அவ்வளவுதான். கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்குமே என்றால், காலையில் ஓபி சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பார்கள். சிலர் அம்லோடிபின் சாப்பிட்டுக் கால் வீங்கியதும் கிட்னி போய்விட்டது என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். எனாலப்ரில் சாப்பிட்டு வறட்டு இருமல் வந்தவர்கள் இருமல் மருந்து கேட்டு வருகிறார்கள், பிரஷர் மாத்திரையால் வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டுக்கும் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் போதும். ‘இப்படி ஆனா நிறுத்தாதீங்க, வந்து சொல்லுங்க’ என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் நின்றிருப்பார்கள்.

‘நார்மல் ஆயிடுச்சு’ என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. மாத்திரையால்தான் நார்மல் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

படகுக்காரர் அண்ணா, கடையில் மூடி இறுக்கமாக உள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பா நிறைய இருக்கிறது. முகாமுக்கு எத்தனை வேண்டும் என்று சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன். நேரத்துக்கு டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

#11 கொருக்குப்பேட்டை டாக்டர்

படகுக்காரர் அண்ணா, தினமும் ஒருமுறை போடுகிற பிரஷர் மாத்திரைக்குக் காலையா மாலையா என்பது முக்கியம் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று, ஏறக்குறைய ஒரே நேரம், அவ்வளவுதான். படகில் முதல் சோறு எப்போது இறங்குகிறதோ அதோடு சேர்த்துப் போடுங்கள். சுகர் மாத்திரை அப்படி இல்லை, அதை உங்கள் டாக்டரிடம் கேட்டே போட வேண்டும். ஆனால் முதலில் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள், விட்ட மாத்திரையைப் பழைய சீட்டைப் பார்த்து நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

தங்கச்சிக்கு ஒரு எச்சரிக்கை. ‘நாங்க ஈசிஜி, எக்கோ எல்லாம் ஃப்ரீயா பண்றோம்’ என்று யாராவது வருவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். நெஞ்சுவலி எதுவும் இல்லாதவருக்கு ஈசிஜி எடுத்து, அது நார்மலாக இருந்தால் ‘எனக்கு ஹார்ட்டு சுத்தம்’ என்று பீடியைப் பற்ற வைப்பார். நார்மல் ஈசிஜிக்காரருக்கு மறுநாளே மாரடைப்பு வரலாம். அதில் ஏதாவது சின்ன வளைவு தெரிந்தாலோ, தேவையில்லாத அடுத்த சோதனைக்குக் கடன் வாங்குவார்கள். பட்டை, டேப், ஸ்ட்ரிப், நாலு கேள்வி. இதற்கு மேல் முகாமில் எதுவும் வேண்டாம்.

நெஞ்சுவலியைப் பற்றி மட்டும் மைக்கில் சொல்லுங்கள். கேஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது. 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் அவசர அளவில் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சை 1975-இல் நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். அந்த ஊரில் மக்கள் அறுவை மேசை வரை போக வேண்டிய நிலைக்கு வராமல் பார்த்துக்கொள்ள ஒரு நோட்டும் இரண்டு பட்டையும்தான் தேவை. மே மாதம் நானும் வருகிறேன்.

#12 காசிமேட்டுப் பொண்ணு

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. முகாம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தெருவை எண்ணினோம். அதற்கே இரண்டு சாயங்காலம் ஆனது. கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைப் பார்த்தோம், எங்கள் தெருவுக்கு வருகிற தன்னார்வலர் அக்காவையும் ஒரு ஸ்டாஃப் நர்ஸையும் அனுப்பி வைத்தார். கணக்குப்பிள்ளை சார் சொன்னபடியே வந்து கோடு போட்டார். ஐந்து நிமிடம் உட்கார வைப்பதற்காக ஒரு பெஞ்சில் ‘பேசக் கூடாது’ என்று எழுதி ஒட்டினோம். அந்த பெஞ்சில் எங்கள் தெருப் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

சீட்டை மாற்றினோம். ‘மருத்துவரை அணுகவும்’ என்று எழுதவில்லை. பிரஷர் எவ்வளவு, எவ்வளவு இருக்க வேண்டும், மறுபடி எந்தத் தேதி எங்கே வர வேண்டும், வராவிட்டால் உங்கள் வீட்டுக்கு வரப்போவது யார், அவர் போன் நம்பர். கூடவே ஒரு நிறப் பொட்டு. சீட்டை ஆண்கள் கையில் மட்டும் கொடுக்கவில்லை. வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு அவருக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தோம். இதில் என் தம்பிக்கு உடன்பாடு இல்லை. அவரவர் உடம்பு அவரவர் விஷயம் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதனால் ‘வீட்ல யார்கிட்ட சொல்லலாம்?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டோம். யாரும் மறுக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் பெண்டாட்டி வேண்டாம், மகளிடம் சொல்லுங்கள் என்றார்.

பெரிய பட்டை ரொம்ப உதவியது. சாதாரணப் பட்டையில் 150-க்கு மேல் காட்டிய இரண்டு பேருக்குப் பெரிய பட்டையில் 140-க்குக் கீழே வந்தது. அவர்களை அனாவசியமாக பயமுறுத்தியிருப்போம்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் அளவு. அளவு அதிகம் இருந்ததால் நோட்டில் சிவப்பு வட்டம் போட்டவர்களில் பாதிப் பேர்தான் தாங்களாக வந்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போனோம். படகு ரிப்பேர் நடக்கிற இடத்துக்கும் போனோம். ஒரு அண்ணன் ஏணியிலிருந்து இறங்கவே மாட்டேன் என்றார், கீழே நின்றபடியே காத்திருந்தோம், பெயின்ட் தீர்ந்து இறங்கினார். 178/102. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், அவர் மனைவி நோட்டில் டிக் போட்டுக் காட்டுகிறார்.

மாத்திரை டப்பாக்கள் வந்துவிட்டன. படகுக்குக் கிளம்புகிறவர்களுக்கு, போகிற நாட்களைவிட ஐந்து நாள் கூடுதலாக எண்ணிப் போட்டுக் கொடுக்கிறோம், பயணம் நீண்டால் தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக.

நோட்டில் இன்னும் நாலு பேர் இரண்டாம் அளவுக்கு அகப்படாமல் வட்டத்தோடு நிற்கிறார்கள். இன்றைக்குத் தடைக்காலம் முடிகிறது. நள்ளிரவில் படகுகள் கிளம்பும், அதற்கு முன் ஐஸ் ஏற்ற எல்லோரும் துறைமுகத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று படகுக்காரர் அண்ணா சொல்லியிருக்கிறார். மெஷினுக்கு பேட்டரி மாற்றிவிட்டேன். உட்கார வைக்க வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.